பாலம் புதுசு, லேட்டு மட்டும் ஏன் பழசு?

2025 ஜூலை 5. மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

பாம்பன்ல கடல் மேல புது ரயில் பாலம் திறந்து மூணு மாசம் ஆச்சு. பழைய பாலத்துல வண்டி ஊர்ந்து போகுது, அதான் லேட்டுன்னு இத்தனை வருசம் சொன்னாங்க. இப்ப பாலம் புதுசு. சென்னை-ராமேஸ்வரம் வண்டி மட்டும் அதே லேட்டு. யாருக்காவது காரணம் தெரியுமா, இல்ல சும்மா தலையெழுத்துதானா?

ஜூலை 6, காலை

தலையெழுத்து இல்லை. நான் உச்சிப்புளிக்காரன். இருபது வருடமாக ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறேன். என் கணக்கில் குற்றவாளி பாலம்தான். 1914இல் திறந்த பாலம் அது. அதன் மேல் மணிக்கு 10, 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி போனதில்லை. ஜன்னலில் உட்கார்ந்தால் கீழே தண்ணீரில் பாசி படிந்த தூணை எண்ணலாம். நூற்றுப் பத்து வருடம் அந்தப் பாலத்துக்குப் பழகிய தடம், மூன்று மாதத்தில் திருந்துமா? கொஞ்ச நாள் பொறுங்கள்.

ஜூலை 6, இரவு

காலையில் எழுதியதை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பு.

பாலம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். 10 கிலோமீட்டர் வேகம் என்றால் 12 நிமிடம், 15 என்றால் 8 நிமிடம். புதுப் பாலத்தில் 75 வரை அனுமதி, கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற பகுதியில் மட்டும் 50. மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். மிச்சம் அதிகம் போனால் ஒன்பது பத்து நிமிடம்தான். ஒன்றரை மணி நேரம் லேட்டாக வருகிற வண்டியில் இது எந்த மூலைக்கு?

இன்னொன்று. பாலத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும் என்பது அட்டவணை போடுகிறவருக்கு முன்பே தெரியும். அந்த 12 நிமிடத்தையும் சேர்த்துத்தான் ராமேஸ்வரம் போய்ச் சேரும் நேரத்தைப் போட்டிருப்பார்கள். மெதுவாகப் போவது வேறு, லேட்டாவது வேறு. மாட்டு வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்தால் லேட்டு இல்லை. இத்தனை வருடம் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருக்கிறேன். காலைக் குறிப்பை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஜூலை 9

எங்கள் ஊர் டீக்கடைக்கு ஒரு பெரியவர் வருவார். ஸ்டேஷனில் வண்டியைத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கேள்வியை அவரிடம் போட்டேன். கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தம்பி, வண்டி ஓடி லேட்டாகாது. நின்னுதான் லேட்டாகும். எங்க நின்னுச்சுன்னு பாரு."

"எங்க நிக்குது?"

"எதிர்ல வண்டி வந்தா நிக்கும். வேற என்ன."

மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை நூற்றுப் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஒற்றைத் தடம். இரண்டு வண்டி எதிர் எதிராக வந்தால் ஒன்று ஏதாவது ஸ்டேஷனின் பக்கத்துத் தடத்தில், அதாவது லூப் லைனில், ஒதுங்க வேண்டும். நாம் 'க்ராசிங்ல போட்டுட்டான்' என்று திட்டுவோமே, அதுதான்.

பெரியவர் டீக்கடை மேஜையில் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டுக் காட்டியதை எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயர் நிஜம், நேரங்கள் உதாரணத்துக்கு.

நம் வண்டி 4:45க்குச் சத்திரக்குடியைத் தாண்டி, 5:00க்குப் பரமக்குடி வர வேண்டும். எதிர் வண்டி பரமக்குடியில் காத்திருந்து 5:05க்குக் கிளம்ப வேண்டும். இன்றைக்கு நம் வண்டி 15 நிமிடம் லேட், சத்திரக்குடிக்கே 5:00க்குத்தான் வருகிறது. எந்த வண்டியை முதலில் விடுவது என்று முடிவு செய்கிற கண்ட்ரோலருக்கு இப்போது இரண்டே வழி. நம்மை விட்டால் 5:15க்குப் பரமக்குடி போவோம், நேரத்துக்கு நின்ற எதிர் வண்டி 5:18க்குக் கிளம்பும். ஒரு பாவமும் செய்யாத அதற்கு 13 நிமிடம் நஷ்டம். இல்லை, நேரத்துக்கு வந்தவனை ஏன் கெடுக்க வேண்டும் என்று அதை 5:05க்கு விட்டால், 5:20க்குச் சத்திரக்குடி வரும். அப்புறம் நமக்கு சிக்னல் விழுந்து, 5:23க்குக் கிளம்பி, 5:38க்குப் பரமக்குடி. 15 நிமிட லேட்டு ஒரே க்ராசிங்கில் 38 ஆகிவிட்டது. அடுத்த க்ராசிங்கில் இன்னொரு வண்டி காத்திருக்கும்.

நேரத்தைத் தவறவிட்டவன் தன் வரிசையையும் விடுகிறான். ரேஷன் கடையில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தவன் கதைதான்.

ஜூலை 10

ஒருவர் கேட்கிறார்: "சென்னையிலிருந்து மானாமதுரை வரை பெரும்பகுதி இரட்டைத் தடம்தானே, அங்கே ஏன் லேட்?" சரியான கேள்வி, முழு பதில் என்னிடம் இல்லை. பாதி பதில் காஷன் ஆர்டர். தண்டவாள வேலை நடந்த இடத்தில், ஜல்லி புதிதாகக் கொட்டிய இடத்தில், இத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனை வரை இந்த வேகத்தில்தான் போகணும் என்று லோகோ பைலட்டுக்கும் கார்டுக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள்.

ஒரு கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 3 நிமிடம். வழக்கமாக 90இல் போனால் 40 விநாடி. ஆக நஷ்டம் 2 நிமிடம் 20 விநாடி. நான்கு இடத்தில் இருந்தால் பத்து நிமிடம் போச்சு.

ஜூலை 10, அரை மணி கழித்து

திருத்தம். எஞ்சின் அந்த ஒரு கிலோமீட்டரைத் தாண்டியவுடன் வேகம் எடுக்க முடியாது, கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும். 22 பெட்டி, பெட்டிக்கு ஏறக்குறைய 24 மீட்டர், எஞ்சினோடு சேர்த்து அரைக் கிலோமீட்டருக்கு மேல். ஆக ஒன்றரை கிலோமீட்டருக்கு ஊர்ந்தாக வேண்டும். நஷ்டம் மூன்றரை நிமிடம். முன்னால் பிரேக் பிடிக்கிற நேரம், பின்னால் வேகம் எடுக்கிற நேரம் தனி. நீள வண்டிக்கு நீளத் தண்டனை.

இதைச் சுட்டிக்காட்டியவர் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள். "சித்தப்பா, வாலை விட்டுட்டீங்க" என்றாள்.

ஜூலை 25

நேற்று ஆடி அமாவாசை. ராமநாதபுரம் ஸ்டேஷனில் மாமா ஒருவரை ஏற்றிவிடப் போயிருந்தேன். தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிற கூட்டம் வண்டியில் ஏற்கெனவே நிரம்பி வந்தது. இரண்டு நிமிடம் நிற்க வேண்டிய வண்டி என் கைக்கடிகாரத்தில் 9 நிமிடம் நின்றது.

ஏன் என்று பார்த்தேன். முன்பதிவில்லாத பெட்டியின் வாசலில் ஓர் ஆச்சி. ஒரு கையில் தீர்த்தச் செம்பு, துணி கட்டி மூடியது. இன்னொரு கையில் பையன் தோள். உள்ளே இருப்பவர்கள் பின்னால் நகர இடமில்லை, வெளியே இருப்பவர்கள் ஆச்சியைத் தாண்டி ஏற மனசில்லை. செம்பை யாராவது வாங்கிக்கொண்டால் ஏறிவிடுவார். அதைக் கீழே வைக்கவும் மாட்டார், வேறு கையில் கொடுக்கவும் மாட்டார். ஒருவழியாக ஏறி, வண்டி நகர்ந்து, நாற்பது அடி போனதும் நின்றது. சங்கிலி. ஆச்சியின் மகன் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்.

சங்கிலியை இழுத்தால் கார்டு இறங்கி, எந்தப் பெட்டி என்று தேடி, வால்வைப் பழையபடி வைத்து, காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் வண்டி கிளம்பும். காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. ஆச்சியின் மகன் விஷயம் காரணமுள்ளதா, காரணமில்லாததா? நான் நீதிபதி இல்லை.

ஆகஸ்ட் 3

காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், பாம்பனிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார். ஆடிக்காற்று எங்களுக்கு உறவுக்காரன் மாதிரி, சொல்லாமல் வருவான். புதுப் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும், வண்டி பாலத்தில் ஏறாது. பழைய பாலத்திலும் காற்றளக்கும் கருவி இருந்தது.

காற்றால் வரும் லேட்டை நான் லேட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பத்தா பாம்பன்காரி. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பயணிகள் வண்டியைப் பற்றி, தன் வீட்டில் நடந்தது போலச் சொல்லும். புயலில் தனுஷ்கோடி சிக்னல் செயல்படவில்லை. வண்டி வெளியே கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் விசில் அடித்துவிட்டு நகர்ந்தது. அலை வந்தது. வண்டியில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். தனுஷ்கோடி ஸ்டேஷனும் தடமும் போயின, அதோடு அந்தப் பக்கம் ரயில் கிடையாது. பாம்பன் பாலத்தின் உடைந்த பகுதிகளை மட்டும் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள்.

பாம்பன் பக்கம் வண்டி நின்று யாராவது அலுத்துக்கொண்டால் அப்பத்தா, "நிக்கட்டுமே, நின்னா என்ன?" என்று கேட்கும். அதற்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 4

அதே பாம்பன் நண்பர்: "போட் மெயில் காலத்தில் வண்டி லேட்டானால் கப்பல் காத்திருக்குமா?" தெரிந்ததைச் சொல்கிறேன். அப்போது சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். இரண்டு தேசத்து ரயிலும் நடுவில் ஒரு கடலும் ஒரே டிக்கெட்டில். அதில் ஒன்று தடுமாறினால் மற்றதெல்லாம் தடுமாறும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அந்த வண்டியின் பெயர் மட்டும் இன்னும் ஓடுகிறது, போட்டும் இல்லை, மெயிலும் இல்லை.

ஆகஸ்ட் 17

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். வண்டி கிளம்பும்போதே லேட் என்றால் அது அன்றைய தவறு இல்லை, நேற்றைய தவறு. ராமேஸ்வரத்துக்கு வந்து சேருகிற அதே பெட்டிகள்தான் கழுவி, தண்ணீர் ஏற்றி, பிரேக் சோதித்துத் திரும்பப் போகின்றன. அந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று உண்டு. காலையில் வர வேண்டியது மதியம் வந்தால், கழுவாமல் அனுப்புவதா, லேட்டாக அனுப்புவதா? எது செய்தாலும் திட்டுவோம்.

வடக்கே அயோத்தியிலிருந்தும் வாரணாசியிலிருந்தும் குஜராத்தின் ஓகாவிலிருந்தும் ராமேஸ்வரத்துக்கு வாராந்திர வண்டிகள் உண்டு. நாட்டின் மறுகோடியிலிருந்து வருகிறவை. போகிற வழியில் ஒவ்வொரு மண்டலமும் அடுத்த மண்டலத்திடம் ஒப்படைக்கிறது. லேட்டான வெளியூர் வண்டிக்கு வழிவிட்டுத் தன் வண்டியைக் கெடுத்துக்கொள்ள யார் விரும்புவார்கள்? பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார், மறுக்கவில்லை.

போன ஜனவரியில் ராமநாதபுரம் பிளாட்பாரத்தில் வடக்கத்தி வண்டி ஒன்றுக்காக ஒரு குடும்பம் காத்திருந்ததைப் பார்த்தேன். கங்கைக்கரையில் மூடுபனி, வண்டி மெதுவாகத்தான் வர முடியும். இங்கே அந்தக் குடும்பத் தலைவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். "பனியால லேட்டாம்" என்று சொல்லிக்கொண்டே வேர்வையைத் துடைத்தார்.

ஆகஸ்ட் 18

பணம் திரும்பக் கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஏறுகிற ஸ்டேஷனுக்கு வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் லேட் என்றால், பயணம் செய்யாமல் முழுப் பணம் திரும்பக் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட் என்றால் வண்டி உங்கள் ஸ்டேஷனிலிருந்து கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர். என்கிற, பணம் திரும்பக் கேட்கும் மனுவைப் போட வேண்டும். அப்புறம் போட்டுப் பயனில்லை. இரண்டு மணி ஐம்பது நிமிடம் லேட் என்றால் கொசுவோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 7

இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிற ஒரு விஷயம். போன வாரம் சென்னையிலிருந்து வந்தேன். மானாமதுரையில் செல்போன் செயலி '48 நிமிடம் தாமதம்' என்றது. ராமேஸ்வரம் வரை போன பக்கத்து சீட்டுக்காரர் அப்புறம் போன் செய்து, "சார், 10 நிமிசம்தான் லேட்டு!" என்றார். வண்டிக்கு இறக்கையா முளைத்தது?

அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புகிற வண்டிக்குக் கடைசிப் பகுதியில் போட்டிருக்கும் நேரத்தைவிட, வந்து சேருகிற வண்டிக்கு அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம். நாடு முழுக்க இப்படித்தான். வழியில் வரும் தாமதத்தைச் சரிக்கட்ட கடைசியில் கொஞ்சம் சதை வைத்திருப்பார்கள். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற சிஏஜியின் அறிக்கைப்படி, போய்ச் சேரும் இடத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்த வண்டி சரியான நேரத்துக்கு வந்த கணக்கு. நடுவில் பரமக்குடியில் இறங்கியவன் முக்கால் மணி நேரம் காத்திருந்தது அந்தக் கணக்கிலேயே வராது. 2019-20இல் மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் சராசரி வேகம் மணிக்கு 50.6 கிலோமீட்டர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

ஜூலை 6 இரவில் 'மாட்டு வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்தால் லேட்டு இல்லை' என்று பெருமையாக எழுதினேனே, அதையே இப்போது என் மேல் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மெதுவான அட்டவணை போட்டு நேரத்துக்கு வருவதும் ஒரு சாமர்த்தியம்தான். ஆனால் சதையே வைக்காமல் இறுக்கிப் போட்டால் ஆடி அமாவாசை ஆச்சிக்கு எங்கே இடம்? இதில் நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.

செப்டம்பர் 8

"நண்டு வியாபாரிகிட்ட கேட்டுப் பாருங்க, எந்தப் பக்கம் சாயணும்னு சொல்வாரு" என்று மண்டபத்திலிருந்து முதல் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். உண்மை. எங்கள் சித்தப்பா ஒருமுறை பிரேக் வேனில், அதாவது வண்டியில் பார்சல் ஏற்றுகிற பெட்டியில், நண்டுப் பெட்டி போட்டார். வண்டி நாலு மணி நேரம் லேட். பெட்டியைப் பார்சல் ஆபீஸ் தரையில் வைத்ததும் தெர்மகோல் மூலையிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக ஓடியது. டேப்பைப் பிரித்தார். மேலே ஐஸ் இல்லை, ஐஸ் கட்டியிருந்த வைக்கோல் மட்டும் ஈரமாக இருந்தது. விரலால் ஒரு நண்டின் காலைத் தூக்கிவிட்டார், அது தானாக விழுந்தது. மறுபடி மூடி டேப் ஒட்டினார். ஏன் ஒட்டினார் என்று அப்போதும் கேட்கவில்லை.

செப்டம்பர் 21

ஒரு வாக்குமூலம். எல்லோரையும் குறை சொன்னேன், என்னை விட்டுவிட்டேன்.

ரயில்வே கேட் பல இடங்களில் சிக்னலோடு பிணைத்திருக்கும். கேட் முழுக்க இறங்கிப் பூட்டினால்தான் வண்டிக்குப் பச்சை விழும். கேட் கீப்பர் கட்டையை இறக்கும்போது கடைசி நொடியில் பைக்கை நுழைக்கிற ஆள் இருக்கிறாரே, அவருக்காகக் கட்டையை மறுபடி தூக்க வேண்டும். அந்த ஆள் பல வருடம் நான்தான். ஒருநாள் எனக்குப் பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோவும் நுழைந்து கட்டையில் இடித்துவிட்டது. கட்டை வளைந்தது, பூட்டவில்லை, சிக்னல் சிவப்பிலேயே நின்றது. தூரத்தில் வண்டி விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதற்குள் மீன் மார்க்கெட் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அந்த வண்டி எத்தனை க்ராசிங்கைத் தவறவிட்டதோ. பெரியவரிடம் சொன்னேன். டீ காசை என்னையே கொடுக்க வைத்தார்.

அக்டோபர் 23

தீபாவளி முடிந்து ஊருக்கு இரவு வண்டியில் வந்தேன். லேட் ஆகும் என்று எழுதி எழுதி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டதால் பரமக்குடி தாண்டியும் படுத்தே இருந்தேன். எதிர் சீட்டு அம்மா தட்டி எழுப்பினார்: "தம்பி, ராமநாதபுரம் வருது, இறங்கலையா?" செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் முன்னதாக.

வெளியே வந்தால் மச்சான் இல்லை. போன் போட்டேன். ஆறாவது ரிங்கில் எடுத்தான்.

"வந்துட்டீங்களா? எப்படியும் ஒன்றரை மணி நேரம் லேட்டாத்தானே வரும், நீங்கதானே எழுதுனீங்கன்னு படுத்துட்டேன் மாமா."

முக்கால் மணி நேரம் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். இரண்டு டீ.

அக்டோபர் 24

"மச்சான் தாமதம் எந்தக் கணக்கில் வரும்?" என்று கேட்டிருக்கிற பரமக்குடி நண்பருக்கு: உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் வரை ரோட்டில் ஒற்றைத் தடமும் இல்லை, காஷனும் இல்லை. நடுவில் ஒரு கேட்டில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னான். அந்த நேரத்தில் கடந்தது என்னை இறக்கிவிட்டுப் போன அதே வண்டிதானாம்.